கூகுள் சமர் ஒப் கோட்: களுவாஞ்சிகுடி அம்மாவுக்கு ஒரு பதில்

ஒலுவில் கம்பஸில் படிக்கும் மகன் கூகுள் சமர் ஒப் கோட்டுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்று இரவிரவாக லப்டொப்போடு இருக்கிறார், இதற்கு என்ன கோர்ஸ் செய்யவேண்டும், ஏ.எல். பெறுபேறு பார்ப்பார்களா என்று கேட்டிருந்தீர்கள். இது, எவரும் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருள்களை (ஓப்பன் சோர்ஸ்) உருவாக்கும் அமைப்புகளில் புதியவர்களைச் சில மாதம் வேலைசெய்யவைத்து, கூகுள் காசு கொடுக்கும் திட்டம். பெறுபேறு அங்கே எடுபடாது. கோர்ஸும் தேவையில்லை. 'சேர்த்துவிடுகிறோம்' என்று யாராவது காசு கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். விண்ணப்பிப்பது இலவசம்; தெரிவாகி வேலையை முடித்தால் அவர்கள்தான் மகனுக்குக் காசு தருவார்கள்.

அவர்கள் பார்ப்பது, விண்ணப்பம் திறக்கும் முன்பே பிள்ளை தான் சேர விரும்பும் அமைப்பின் மென்பொருளில் கை வைத்திருக்கிறாரா என்பதைத்தான். வழக்கமாக பெப்ரவரியில் அமைப்புகளின் பட்டியல் வரும், மார்ச்சில் விண்ணப்பம் திறக்கும். அன்றுதான் வந்து நிற்கிறவரைவிட, டிசம்பரில் இருந்தே சின்னச் சின்னப் பிழைகளைத் திருத்தி அனுப்புகிறவரைத்தான் மென்டர்மாருக்கு, அதாவது அந்த அமைப்பில் வழிகாட்டுகிறவர்களுக்கு, தெரிந்திருக்கும். அவுட்ரீச்சி என்ற இன்னொரு திட்டம் இதை விதியாகவே வைத்திருக்கிறது: பங்களிப்பு எதுவும் பதியாதவர் தெரிவாக முடியாது.

எங்கள் பிள்ளைகள் சறுக்குவது கோடிங்கில் இல்லை, கேள்வி கேட்பதில். எல்லோரும் பார்க்கிற இடத்தில் கேட்க வெட்கம். அதனால் மென்டருக்குத் தனியாக, 'சேர், உங்கள் புரொஜெக்டில் சேர விருப்பம், வழிகாட்டுங்கள்' என்று எழுதிவிட்டுக் காத்திருப்பார்கள். பதில் வராது. அதே பிள்ளை பொதுக் குழுவில் இப்படி எழுதட்டும்: 'உபுண்டுவில் நிறுவினேன், உள்நுழையும்போது இந்தப் பிழை வருகிறது, டேட்டாபேஸ் அமைப்பை மாற்றிப் பார்த்தேன், சரிவரவில்லை. அடுத்து எங்கே பார்க்கலாம்?' யாராவது ஒருவர் பதில் போடுவார். ஆங்கிலம் கொஞ்சம் பிழையாக இருந்தாலும் பரவாயில்லை. ஏஐயிடம் எழுதி வாங்கி அப்படியே ஒட்டுவதுதான் ஆபத்து. அந்த வாசனை மென்டர்மாருக்கு உடனே தெரிந்துவிடுகிறது.

மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இந்தத் திட்டத்தில் பல வருடம் உலகிலேயே அதிக மாணவர்களைச் சேர்த்த பல்கலைக்கழகமாக இருந்தது. மூளை மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. போய்வந்த சீனியர்மார் பக்கத்து அறையில் இருப்பது பெரிய பலம். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் அந்த வசதி குறைவு. அதனால் மகன் தனக்கான சீனியரை அந்த மென்பொருள் குழுவுக்குள்ளேயே தேடிக்கொள்ள வேண்டும். பத்து அமைப்புகளை மேய்வதைவிட ஒன்று, மிஞ்சினால் இரண்டில் நிற்பது நல்லது.

எதைத் தெரிவுசெய்வது? பெயர் பெரிதா என்று பார்க்காமல், தனக்கு ஏதாவது தெரிந்த பக்கமாகப் போகச் சொல்லுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு காணாமல் போனவர்களையும் முகாம்களையும் பதிவுசெய்ய இலங்கை மென்பொருளாளர்கள் எழுதிய சஹானா, பிறகு இதே திட்டத்தில் மாணவர்களைச் சேர்த்த ஓர் அமைப்பானது. அப்படி ஒரு தேவையை நேரில் அறிந்தவருக்குச் சொல்ல விஷயம் இருக்கும். தமிழ் எழுத்து உடைந்து தெரிகிறதா, தேடினால் சொல் அகப்படவில்லையா, அந்தப் பிழை உங்கள் மகன் கண்ணில் படும். பெர்லினில் இருக்கும் மென்டர் கண்ணில் படாது.

விண்ணப்பத்தில் கொடுக்கும் முன்மொழிவில் கிழமை வாரியாக என்ன செய்வேன் என்று எழுதவேண்டும். 350 மணித்தியால வேலை என்றால் அது முழுநேர வேலைக்குக் கிட்ட வரும். இடையில் செமஸ்டர் பரீட்சை வந்தால் மறைக்காமல், 'இந்த இரண்டு கிழமையும் குறைவாகத்தான் செய்வேன், முந்தின கிழமைகளில் ஈடுகட்டுவேன்' என்று எழுதட்டும். மறைத்துவிட்டு நடுவில் காணாமல் போகிறவர்களை இடைக்கால மதிப்பீட்டிலேயே நிறுத்திவிடலாம். காசும் வராது.

இந்த முறை கிடைக்காவிட்டால் வருடம் வீணா என்றும் கேட்டிருந்தீர்கள். மகன் திருத்தியவை கிட்ஹப்பில் (மென்பொருள் கோடை எல்லோரும் பார்க்க வைக்கும் இணையத்தளம்) அவர் பெயரிலேயே இருக்கும். கொழும்புக் கம்பனி இன்டர்வியூவில் அதைத் திறந்து காட்டலாம், அடுத்த வருடம் அதே அமைப்புக்குத் திரும்பவும் விண்ணப்பிக்கலாம். இப்போதைக்கு ஒரு மென்பொருளைத் தன் லப்டொப்பில் ஓடவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கே சிலவேளை ஒரு கிழமை எடுக்கும், பதறவேண்டாம். அப்புறம், இரவு பன்னிரண்டுக்குப் பிறகு லைட்டை அணைக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.