டெர்மினலில் நெட்வொர்க் அமைப்பு: நீலகிரியிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

நெட் வரவில்லை என்றதும் சிபியூவைக் கழற்றி பஸ்ஸில் ஏற்றி, மேட்டுப்பாளையத்துக்கோ கோவைக்கோ கொண்டுபோகிற வழக்கம் நம் மலையில் இன்னும் இருக்கிறது. கீழே கடையில் செருகினால் நெட் ஓடும். மேலே கொண்டுவந்தால் ஓடாது. பல நேரம் கோளாறு பெட்டிக்குள் இருப்பதில்லை. பெட்டிக்கும் வெளியே போகும் லைனுக்கும் நடுவில் இருக்கிறது. அது எந்த இடம் என்பதை, கட்டளை தட்டும் திரையான டெர்மினல், நீங்கள் உட்கார்ந்த இடத்திலேயே காட்டிவிடும். எதையும் மாற்றுவதற்கு முன்னால் அது காட்டுவதைப் படியுங்கள் என்பதுதான் எல்லாருக்கும் என் வேண்டுகோள்.

கட்டளைகளை உச்சரிக்கிறபடி எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில், சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டுத் தட்டுங்கள். மைனஸ், பிளஸ், ஸ்லாஷ், புள்ளி, ஹைஃபன் என்பவை குறிகள், அவற்றை அடுத்த எழுத்தோடு ஒட்டியே தட்டுங்கள். பார்க்கிற கட்டளைகளுக்குத் தனி அனுமதி வேண்டாம். மாற்றுகிற கட்டளைக்கு முன்னால் 'சூடோ' சேர்க்க வேண்டும்.

கோத்தகிரி, தேயிலைத் தொழிற்சாலை அலுவலகம்: அக்கா, ஐப்பசி மழை பிடித்தாலே எங்கள் லினக்ஸ் கம்ப்யூட்டரில் நெட் போய்விடுகிறது. இலை எடைக் கணக்கு ஏற்ற முடிவதில்லை. முதலில் எதைப் பார்ப்பது?

கீழிருந்து மேலே போங்கள் தம்பி. முதலில் 'ஐபி லிங்க்'. ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்கும், அதாவது நெட்வொர்க் இணைப்பு வாசலுக்கும், ஒரு பதிவு வரும். 'எல்ஓ' என்பது கம்ப்யூட்டர் தனக்குத்தானே பேசிக்கொள்வது, அதை விட்டுவிடுங்கள். ஈத்தர்நெட் வரியில், கோண அடைப்புக்குள் 'அப்' என்ற சொல்லே இல்லை என்றால் யாரோ அதை அணைத்திருக்கிறார்கள். 'ஐபி லிங்க் செட்', இன்டர்ஃபேஸ் பெயர், 'அப்' என்று கொடுத்தால் எழுந்துவிடும். 'அப்' இருந்தும் கூடவே 'நோ கேரியர்' என்றிருந்தால் கேபிளில் சிக்னலே இல்லை. அப்போது எந்த செட்டிங்கை மாற்றியும் பயனில்லை. கேபிளின் இரண்டு முனையையும் பாருங்கள், சுவிட்சில் வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். மழையோடு சேர்ந்து வந்து மழையோடு போகிற கோளாறு என்கிறீர்கள். எனக்கு முதல் சந்தேகம் கனெக்டர் மேல்தான். மாதக்கணக்கில் பனியும் ஈரமும் பட்ட பின்களில் பச்சை பூத்துவிடும். முனையை வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்வது ஐந்து நிமிட வேலை.

லிங்க் நன்றாக இருந்தால் 'ஐபி ஏ'. முகவரி வந்திருக்கிறதா என்று அது சொல்லும். அடுத்து 'ஐபி ரூட்'. 'டிஃபால்ட் வயா' என்று தொடங்கும் வரி இல்லையென்றால், வெளியே போகும் வழி கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அந்த வரியில் உள்ள கேட்வே, அதாவது வெளியே போகும் வாசலான ரவுட்டரின் முகவரியை பிங் செய்யுங்கள். 'பிங்' என்று தட்டி முகவரியைச் சேர்த்தால் மறுமுனை பதில் சொல்கிறதா என்று தெரியும். கேட்வே பதில் சொன்னால், வெளியே உள்ள கூகுளின் 8.8.8.8. அதுவும் சொன்னால் ஒரு தளத்தின் பெயரை பிங் செய்யுங்கள். எண் பதில் சொல்லி, பெயர் மட்டும் சொல்லாவிட்டால் கோளாறு, பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில். கேட்வே பதில் சொல்லி 8.8.8.8 சொல்லாவிட்டால், உங்கள் கட்டடத்துக்குள் எல்லாம் சரி. லைன் கொடுத்தவரைக் கூப்பிடும்போது இதையே சொல்லுங்கள். 'மோடத்தை ஆஃப் செய்து ஆன் பண்ணுங்க' என்பதோடு உங்களை அவர்கள் நிறுத்திவிட முடியாது.

ஊட்டி, கல்லூரி மாணவி: அரசு கொடுத்த லேப்டாப்பில் பாஸ் லினக்ஸ் இருந்தது. அதை எடுத்துவிட்டு இன்னொரு லினக்ஸ் வகையான டெபியனைப் புதிதாகப் போட்டேன். பாடப் புத்தகத்தில் உள்ள 'இஃப்கான்ஃபிக்' கட்டளை இல்லை என்கிறது.

அது 1983-இல் பிஎஸ்டி யூனிக்ஸோடு வந்த பெயர். லினக்ஸில் அது நெட்டூல்ஸ் என்ற தொகுப்பில் இருக்கிறது. 2017-இல் வந்த டெபியன் 9 முதல் அந்தத் தொகுப்பு தானாக நிறுவப்படுவதில்லை. வேண்டுமானால் நிறுவிக்கொள்ளலாம். ஆனால் 'ஐபி' கட்டளையையே பழகும்மா. ஒரே இன்டர்ஃபேஸில் இரண்டு மூன்று முகவரி இருந்தால் பழையது எல்லாவற்றையும் காட்டாமல் போகும். தேர்வுக்குப் பழையது, வேலைக்குப் புதியது.

குன்னூர், ஹோம்ஸ்டே நடத்துபவர்: ஃபைபரும் வைத்திருக்கிறேன், யுஎஸ்பி டாங்கிளும் வைத்திருக்கிறேன். கரண்ட் போய் வந்தால் எல்லாம் டாங்கிள் வழியாகப் போய் டேட்டா தீர்ந்துவிடுகிறது. ஃபைபர் அறுந்த அன்று டாங்கிள் கைகொடுப்பதும் இல்லை.

இது நல்ல கேள்வி, இரண்டு தனித்தனிக் கோளாறு. 'ஐபி ரூட்' கொடுத்தால் உங்களுக்கு இரண்டு டிஃபால்ட் வரி வரும். கடைசியில் உள்ள 'மெட்ரிக்' எண்ணைப் பாருங்கள். எண் சிறியதாக உள்ள வழியில்தான் போக்குவரத்து போகும். லினக்ஸில் இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க் மேனேஜர் ஈத்தர்நெட்டுக்கு 100, வைஃபைக்கு 600 என்று தானாகக் கொடுக்கும். பல டாங்கிள்கள் தங்களை ஈத்தர்நெட் கார்டு என்றே காட்டிக்கொள்கின்றன. அப்போது இரண்டுக்கும் 100 கொடுக்க முடியாது. முதலில் எழுந்ததற்கு 100, அடுத்ததற்கு 101. கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டரில் செருகிய டாங்கிள் உடனே தயாராகிவிடும், ஃபைபர் பெட்டி எழ நேரமாகும். அதனால் டாங்கிள் முந்திக்கொள்கிறது.

'என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் ஷோ' கொடுத்து டாங்கிள் இணைப்பின் பெயரைக் கண்டுபிடியுங்கள். 'என்எம்சிஎல்ஐ' என்பது நெட்வொர்க் மேனேஜருக்கான கட்டளை. பிறகு 'என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் மாடிஃபை', இணைப்பின் பெயர், 'ஐபிவி4 புள்ளி ரூட் ஹைஃபன் மெட்ரிக்', 800. ஐபிவி6-க்கும் இதேபோலக் கொடுங்கள். கடைசியாக 'என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் அப்', இணைப்பின் பெயர். இனி யார் முதலில் எழுந்தாலும் ஃபைபருக்குத்தான் முதலிடம்.

இரண்டாவது கோளாறு கொஞ்சம் ஆழமானது. பர்லியார் பக்கம் மரம் விழுந்து ஃபைபர் அறுந்தாலும், உங்கள் மேஜையில் உள்ள ஃபைபர் பெட்டிக்குக் கரண்ட் இருக்கிறது. பெட்டிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே உள்ள கேபிள் உயிரோடு இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு லிங்க் நன்றாகவே தெரியும். அதற்கு அப்பால் அறுந்தது தெரியாது. நெட்வொர்க் மேனேஜரில் கனெக்டிவிட்டி செக் என்ற வசதி உண்டு. வெளியே ஒரு முகவரியை அவ்வப்போது தட்டிப் பார்க்கும். பதில் வராத இணைப்பின் மெட்ரிக்கோடு 20000 சேர்த்துவிடும், மற்றது தானாக முன்னால் வரும். அதை இயக்கி வையுங்கள்.

மஞ்சூர்: சர்வரில் 'ஐபி அட்ர் ஆட்' கொடுத்து முகவரி போட்டேன். ரீபூட் செய்ததும் காணோம். அந்தக் கம்ப்யூட்டர் இருப்பது மேலே எஸ்டேட்டில். நான் கீழிருந்து, தூரத்துக் கம்ப்யூட்டரின் டெர்மினலுக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச்சில் பார்க்கிறேன்.

'ஐபி' கட்டளை இப்போது ஓடிக்கொண்டிருப்பதை மட்டுமே மாற்றும், எங்கும் எழுதி வைக்காது. நிலைக்க வேண்டுமானால் உபுண்டு சர்வரில் நெட்பிளான் கோப்பு, டெஸ்க்டாப்பில் என்எம்சிஎல்ஐ, பழைய டெபியன் அமைப்பில் இன்டர்ஃபேசஸ் கோப்பு. எது பொறுப்பில் இருக்கிறதோ அதில் மட்டும் எழுதுங்கள். இரண்டில் எழுதினால் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

ஆனால் ஐயா, தூரத்தில் இருந்து வேலை செய்கிற உங்களுக்கு இந்த மறதி ஒரு பாதுகாப்பு. 'சூடோ ஷட்டவுன் மைனஸ் ஆர் பிளஸ் 10' என்று முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு முகவரியை மாற்றுங்கள். தவறாகிப் பிடி விட்டுப்போனால் பத்து நிமிடத்தில் ரீபூட் ஆகிப் பழைய முகவரியோடு எழுந்திருக்கும். சரியாக இருந்தால் 'சூடோ ஷட்டவுன் மைனஸ் சி' கொடுத்து ரீபூட்டை நிறுத்திவிட்டு, அதன் பிறகு கோப்பில் எழுதுங்கள். நெட்பிளானில் எழுதியதும் 'அப்ளை' கொடுக்காமல் 'நெட்பிளான் ட்ரை' கொடுங்கள். 120 விநாடிக்குள் நீங்கள் என்டர் தட்டாவிட்டால் பழையதற்கே திரும்பிவிடும். அந்தக் கோப்பில் டேப் ஆகாது, இடைவெளிதான். புதிய முகவரியைச் சேர்த்து, அதன் வழியாக ஒருமுறை உள்ளே நுழைந்து பார்த்த பிறகே பழையதை நீக்குங்கள். ராத்திரியில் எஸ்டேட் ரோட்டில் காட்டெருமைக்கு நடுவே வண்டி ஓட்டும் வேலையை இது மிச்சப்படுத்தும்.

கூடலூர், பள்ளி ஆசிரியை: எங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் 169.254 என்று தொடங்கும் முகவரி வருகிறது.

டீச்சர், முகவரி கேட்டுப் பதில் வராததால் அவை தாமாக வைத்துக்கொண்ட முகவரி அது. எல்லாவற்றிலும் வந்தால் ரவுட்டரையோ சுவிட்சையோ பாருங்கள். ஒன்றில் மட்டும் வந்தால் அதன் கேபிளைப் பாருங்கள். சரிசெய்த பிறகு கமாண்ட் பிராம்ப்ட்டில் 'ஐபிகான்ஃபிக் ஸ்லாஷ் ரினியூ'.

எமரால்டு, கேரட் விவசாயி: வீட்டிலிருந்து கழுவும் ஷெட்டுக்கு 150 மீட்டர் கேபிள் இழுத்தேன். லிங்க் வந்து வந்து போகிறது.

செம்புக் கேபிளில் ஈத்தர்நெட்டின் எல்லை 100 மீட்டர். 'ஈத்டூல்' என்று கொடுத்து இன்டர்ஃபேஸ் பெயரைச் சேர்த்தால் வேகம் தெரியும். 1000 வர வேண்டிய இடத்தில் 100 வருகிறதென்றால் நான்கு ஜோடிக் கம்பியில் ஏதோ ஒன்று சரியாகச் சேரவில்லை, அல்லது மறுமுனைக் கருவி 100-க்கு மேல் போகாதது. உங்களுடையது கட்டளையால் தீராது அண்ணா. அதைவிட எனக்குக் கவலை இடிதான். திறந்தவெளியில் இரண்டு கட்டடத்துக்கு நடுவே செம்பு ஓடினால், பக்கத்தில் விழுகிற மின்னல் இரண்டு முனையிலும் உள்ள கருவிகளைக் கருக்கிவிடும். ஃபைபர் இழுத்து இரு முனையிலும் மீடியா கன்வர்ட்டர் வையுங்கள்.

அருவங்காடு: பிங் போகிறது, சில தளங்கள் திறக்கின்றன, சில பாதியில் நிற்கின்றன.

எம்டியு-வை, அதாவது ஒரு பாக்கெட்டில் அனுப்பக்கூடிய அதிகபட்ச அளவை, சந்தேகப்படுங்கள். ஈத்தர்நெட்டில் அது 1500 பைட். உங்கள் லைன், யூசர்நேமும் பாஸ்வேர்டும் கொடுத்து இணையும் பிபிபிஓஇ என்றால் அதில் 8 பைட்டை அது எடுத்துக்கொள்ளும், மிச்சம் 1492. 'பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கு' என்று திரும்பி வரும் செய்தியை நடுவில் ஏதாவது ஃபயர்வால் தடுத்தால், பெரிய பாக்கெட்டுகள் மட்டும் சத்தமில்லாமல் தொலையும். 'பிங் மைனஸ் பெரிய எம் டூ மைனஸ் எஸ் 1472 8.8.8.8' கொடுத்துப் பாருங்கள் ('டூ' எண் அல்ல, do என்ற சொல்). அது போகாமல் 1464 போனால் சந்தேகம் உறுதி. தலைப்புக்கான 28 பைட்டைச் சேர்த்தால் 1492. 'ஐபி லிங்க் செட்', பெயர், 'எம்டியு 1492'. தளங்கள் திறந்தால் அதே எண்ணை ரவுட்டரிலும் போட்டுவிடுங்கள், வீட்டில் உள்ள மற்ற கருவிகளுக்கும் சேர்த்துத் தீரும்.