தை வரை அங்கேயே இருக்கட்டுமா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். நான் தக்காளி மண்டிக்குக் கூலிக்குப் போகிறேன். வீட்டுக்காரர் டெம்போ ஓட்டுகிறார். மகனுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறான். ஊரில் 23 வயதுப் பையன் ஒருவன் திருடி வந்த பைக்கில் இவனும் பின்னால் ஏறிப் போயிருக்கிறான். தருமபுரி பஸ் ஸ்டாண்டு அருகே போலீஸ் பிடித்துவிட்டது. அன்று ராத்திரி ஸ்டேஷனிலிருந்து போன் வந்தபோது அவன் அப்பா கோபத்தில் "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டார். சிறுவர்களை வைத்திருக்கும் சேலம் கூர்நோக்கு இல்லத்தில் இருப்பதாக அப்புறம்தான் ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். ஒன்பது நாள் ஆகிறது. மகளுக்குத் தையில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் நின்றுவிடும். அதுவரை அவன் அங்கேயே இருக்கட்டுமா? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: கல்யாணத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள் அம்மா. அந்த "ராங் நம்பர்" ஒரே வரி. நான் அந்த வரியைத் தாண்டவில்லை.

அந்த நம்பர் போலீசுக்கு எப்படிக் கிடைத்தது? சிறுவனைப் பிடித்தால் பெற்றவர்களுக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். அதற்காகக் கேட்டிருப்பார்கள். பயந்து நடுங்கிய நேரத்திலும் அப்பாவின் பத்து எண்ணையும் அவன் சரியாகச் சொல்லியிருக்கிறான். ரிங் போவதைக் கேட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்திருப்பான். போனை வைத்துவிட்டுத் திரும்பிய போலீஸ்காரர் அவனிடம் என்ன சொல்லியிருப்பார்? நீங்களும் அந்த வீட்டில்தானே இருந்தீர்கள்? நம்பர் போனிலேயே இருந்தது. அவர் தூங்கிய பிறகாவது எடுத்துக் கூப்பிட்டீர்களா?

கோபம் என்று எழுதாதீர்கள். கோபப்பட்ட அப்பன் ஸ்டேஷனுக்கு ஓடுவான், திட்டித் தீர்ப்பான், திட்டிக்கொண்டே வீட்டுக்குக் கூட்டி வர வழி பார்ப்பான். உங்கள் வீட்டுக்காரருக்கு வந்தது சம்பந்தி வீட்டுப் பயம்.

"நாலு நாள் உள்ளே இருந்தால் புத்தி வரும்" என்ற பேச்சு இந்த மாதிரிக் கடிதங்கள் எல்லாவற்றிலும் வருகிறது. படித்துப் படித்து எனக்கு வயிறு எரிகிறது. 2022 டிசம்பர் கடைசி நாளில் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் அடிபட்டுச் செத்தான். ஊழியர்கள் கைதானார்கள். அதற்கப்புறம்தான் இந்த இல்லங்களைச் சீர்திருத்த வழி சொல்ல, ஓய்வு பெற்ற நீதிபதி சந்துருவை ஒரு நபர் குழுவாக அரசு நியமித்தது. எல்லா இல்லமும் அப்படி என்று நான் சொல்லவில்லை. விசாரணை முடியும் வரை தற்காலிகமாக வைத்திருக்கும் இடம் அது. பிள்ளை வளர்க்கும் வேலையை அங்கே தள்ளிவிட முடியாது.

சட்டம் உங்கள் பிள்ளையை உங்களிடம் கொடுக்கத்தான் பார்க்கிறது. பிடித்த 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். லாக்கப்பில் வைக்கவே கூடாது. குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். எந்தக் குற்றமானாலும் சிறுவனுக்கு ஜாமீன் கொடுப்பதுதான் வழக்கம். வெளியே விட்டால் கெட்ட சகவாசத்தில் மறுபடி விழுவான், ஆபத்தில் மாட்டுவான், நீதியின் நோக்கமே கெடும் என்று தோன்றினால்தான் நிறுத்துவார்கள். பைக் திருடிய அந்த 23 வயதுக்காரன் உங்கள் ஊர்க்காரன். அவனிடமிருந்து பையனைப் பிரித்து வைக்க வீட்டில் ஆள் உண்டா என்றுதான் கேட்பார்கள். நன்னடத்தை அலுவலர் இரண்டு வாரத்துக்குள் உங்கள் குடும்பத்தைப் பற்றி அறிக்கை கொடுக்க வேண்டும். ஒன்பது நாளாக எட்டிப் பார்க்காத குடும்பத்தைப் பற்றி அவர் என்ன எழுதுவார்?

வக்கீலுக்குப் பணம் வேண்டாம். 15100க்குப் போன் செய்தால் இலவச சட்ட உதவி கிடைக்கும். வயதைக் காட்டப் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் தொப்பூர் கணவாயைத் தாண்டிப் போய் அவன் முகத்தைப் பாருங்கள்.

கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். அவன் பெயரோ பள்ளியோ பேப்பரில் வரக் கூடாது. இந்த வழக்கு பின்னாளில் அவன் வேலைக்கும் தடையாகாது. ஆனால் ஊர் வாயை எந்தச் சட்டமும் மூடாது. மாப்பிள்ளை வீட்டுக்கு நீங்கள் இரண்டு பேருமே போய் நடந்ததைச் சொல்லுங்கள். இதற்காகப் பெண்ணை வேண்டாம் என்கிற வீட்டில் அவளுக்கு நாளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் யார் பார்ப்பார்கள்? மாப்பிள்ளைக்கு மாலை போட்டு மணவறைக்கு அழைத்துவர வேண்டிய மச்சானை ஒளித்து வைத்துவிட்டு நடத்துகிற கல்யாணத்துக்கு நான் சம்மதம் சொல்ல மாட்டேன். உங்கள் மகளைக் கேட்டீர்களா? கடிதத்தில் அவள் வாயே திறக்கவில்லை.

இந்தப் பதிலை அவன் அப்பாவிடம் படித்துக் காட்டுங்கள். அந்த ஸ்டேஷன் நம்பர் இன்னும் அவர் போனில் இருக்கும். நீங்கள் பேசக் கூடாது, அவரே கூப்பிடட்டும். "அன்றைக்கு ராங் நம்பர் என்று சொன்னது நான்தான், அவன் அப்பா பேசுகிறேன்" என்று ஆரம்பிக்கட்டும்.