வீட்டை விற்றுவிட்டு ஊர் ஊராகப் போகலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பிள்ளைகள் இருவரும் வெளியூரில் குடியேறிவிட்டார்கள். சொந்த வீட்டை விற்றுத் தொகையை வங்கியில் போட்டுவிட்டு, நானும் மனைவியும் மூன்று, நான்கு ஆண்டுகள் வட இந்தியா முழுவதும் தங்கித் தங்கிப் போகலாம் என்று நினைக்கிறேன். உறவினர்கள் சிரிக்கிறார்கள். தங்கள் கருத்து என்ன?
– வாசகர், சூரமங்கலம், சேலம்

பதில்: சிரிப்பவர்களை விட்டுவிடுங்கள். உடம்பில் தெம்பு இருக்கும்போதே புறப்பட வேண்டும் என்று நினைப்பதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால், வீட்டை விற்கும் முடிவை மட்டும் தள்ளிவையுங்கள் என்று அழுத்தமாகவே சொல்வேன். போன இடத்தில் ஒருவருக்குக் கால் எலும்பு முறிந்தாலும், ஆறே மாதத்தில் இந்த வாழ்க்கை சலித்துப்போனாலும் வந்து இறங்க உங்களுக்கென்று ஓர் இடம் வேண்டும். இன்று விற்கிற விலைக்கு அதே தெருவில் நாளை வேறு வீடு கிடைக்காது. மாடி இருந்தால் அதில் சாமான்களைப் போட்டுப் பூட்டிவிட்டு, கீழ்ப்பகுதியை வாடகைக்கு விடுங்கள். முழு வீட்டையும் பூட்டிவிட்டுப் போவது விற்பதைவிட மோசம். மின் கணக்கெடுப்பவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து ‘டோர் லாக்’ என்று குறித்துவிட்டுப் போவார்; மழைக்காலத்தில் கரையான் நிலைப்படியில் ஏறியிருப்பது அடுத்த வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. சொத்து வரியை அரையாண்டுக்கு ஒருமுறை இணையத்தில் கட்டிவிடலாம். அது ஒரு பிரச்சினையே அல்ல.

ரயில்வே ஓய்வூதியர் என்பதால் மற்றவர்களுக்கு இல்லாத வசதிகள் உங்களுக்கு உண்டு. விதிப்படி கிடைக்கும் பாஸ் ஒன்று. அதைவிடப் பெரியது மருத்துவ வசதி: ஓய்வு பெற்ற ஊழியர்களுக்கான மருத்துவத் திட்டத்தில் சேர்ந்து உமித் என்னும் மருத்துவ அடையாள அட்டை வாங்கியிருந்தால், நாட்டின் எந்த ரயில்வே மருத்துவமனையிலும் காட்டிச் சிகிச்சை பெறலாம். ஆகவே, தங்கும் ஊர்களைக் கோயில்களை வைத்து மட்டும் தேர்ந்தெடுக்காமல், செகந்திராபாத்தின் லாலாகுடா, வாரணாசி, குவஹாத்தியின் மாலிகாவ் என்று ரயில்வே மருத்துவமனை உள்ள ஊர்களை மையமாக வைத்துக்கொண்டு சுற்றுவட்டாரத்தைப் பார்ப்பது புத்திசாலித்தனம். ரத்த அழுத்த மாத்திரை வாங்க ஒவ்வொரு ஊரிலும் புது மருத்துவரிடம் முதலிலிருந்து கதை சொல்லும் தொல்லை அப்போது இருக்காது. நவம்பரில் தர வேண்டிய உயிர்வாழ்ச் சான்றிதழுக்காக ஊர் திரும்பவும் தேவையில்லை. ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டி இருந்த இடத்திலிருந்தே பதிவு செய்யலாம். ஆதாரில் இருக்கும் அலைபேசி எண்ணை மட்டும் மாற்றாமல், உயிரோடு வைத்திருங்கள்.

அடுத்தது வேகம். கன்னியாகுமரியிலிருந்து திப்ருகருக்குப் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் சேலம் சந்திப்பு வழியாகத்தான் செல்கிறது; முழுத் தடமும் 4,100 கிலோமீட்டருக்கு மேல். அதில் ஏறி ஒரே மூச்சில் அசாமில் இறங்கி, வாரத்துக்கு ஓர் ஊராகத் திரும்பி வரலாம் என்று திட்டமிட்டால், மூன்றாவது மாதத்தில் பெட்டி கட்டுவதே வெறுத்துவிடும். நர்மதையை வலமாகச் சுற்றிவரும் பரிக்கிரமா யாத்திரையைப் பாருங்கள். 1,312 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஆற்றை எங்கும் குறுக்கே கடக்காமல் இரு கரைகளிலும் நடந்து முடிக்க, மரபுப்படி மூன்று ஆண்டு, மூன்று மாதம், பதின்மூன்று நாள் என்று கணக்கு. மழைக்காலத்தின் நான்கு மாதங்களில் யாத்திரிகர்கள் ஒரே இடத்தில் தங்கிவிடுவார்கள். நீங்களும் ஓர் ஊருக்கு ஒரு மாதமாவது ஒதுக்குங்கள். மாத வாடகை நாள் வாடகையைவிட மிகவும் மலிவு. சிறிய குக்கரும் கொஞ்சம் புளியும் கையில் இருந்தால் பாதி நாள் வயிறு தப்பிக்கும்.

வடகிழக்கே போகும்போது அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் ஆகிய நான்கு மாநிலங்களுக்கும் உள்நுழைவு அனுமதிச் சீட்டு வேண்டும். அசாமுக்கும் மேகாலயாவுக்கும் வேண்டியதில்லை.

இன்னொன்று. தங்கள் கடிதத்தில் மனைவி என்ன சொல்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. வாடகை அறையில் சமைப்பது யார், துவைப்பது யார் என்பதை அவரோடு உட்கார்ந்து பேசி முடித்த பிறகு டிக்கெட் போடுங்கள்.

கேள்வி: பெங்களூரு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். வயது இருபத்தெட்டு. மடிக்கணினியோடு நாடு நாடாகத் தங்கி வேலை பார்க்க ஆசை. “நிலையாக ஓரிடத்தில் இல்லாமல் சுற்றுவதெல்லாம் ஒரு பிழைப்பா?” என்கிறார் அப்பா.
– வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: அப்பாவுக்குப் பதில் சொல்வதற்கு முன் நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வமாக அனுமதி கேளுங்கள். வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்பதற்கு வெளிநாட்டிலிருந்து செய்யலாம் என்று பொருளல்ல. சுற்றுலா விசாவில் போய் வேலை செய்வதைப் பல நாடுகள் அனுமதிப்பதில்லை. தொலைவிலிருந்து வேலை செய்பவர்களுக்கென்றே ஸ்பெயின், மலேசியா, தாய்லாந்து போன்ற நாடுகள் தனி விசா தருகின்றன. வருமானச் சான்றோ வங்கி இருப்போ காட்ட வேண்டும். ஐரோப்பாவில் ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஷெங்கன் நாடுகளில் குறுகிய கால விசாவோடு எந்த 180 நாள்களிலும் 90 நாள்களுக்கு மேல் தங்க முடியாது. நாடு மாறினாலும் கணக்கு ஒன்றுதான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது ஆயுள் மிச்சமிருக்கட்டும். ஒரு நிதியாண்டில் 182 நாள்களோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால், வருமான வரிக்கு நீங்கள் இங்கே வசிப்பவர்தான். அதற்குக் குறைந்தால் வேறு நிபந்தனைகளும் சேரும் என்பதால், கிளம்பும் முன்பே ஆடிட்டரைப் பாருங்கள். தூர நாட்டுக் கனவை ஓராண்டு ஒத்திவைத்து, நேபாளத்தில் தொடங்கலாம். இந்தியருக்கு அங்கே விசா தேவையில்லை. மாதந்தோறும் சம்பளத்தில் ஒரு பகுதி தொடாமல் சேர்வதைப் பார்த்தால், அப்பாவின் கேள்வி தானாகவே குறையும்.

கேள்வி: முதலில் ஏற்காட்டில் ஒரு மாதம் தங்கிப் பார்த்தால் இப்படிப்பட்ட வாழ்க்கைக்கு ஒத்திகையாக இருக்குமா?
– வாசகர், அம்மாப்பேட்டை

பதில்: நல்ல யோசனை, ஆனால் மே மாதத்தில் வேண்டாம். கோடை விழாக் கூட்டத்தில் மாத வாடகை பேசவே முடியாது, பேசினாலும் கட்டுப்படியாகாது. செப்டம்பர், அக்டோபரில் போங்கள். முதல் வாரம் மூடுபனியும், சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருக்கும் மிளகுக் கொடியும் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். அடைமழை பிடித்துக்கொண்டால் துவைத்த சட்டை நான்கு நாள் ஆகியும் ஈரம் போகாது, உப்பு ஜாடியில் நீர் கோக்கும், போர்வையில் பூஞ்சை வாடை ஏறும். உண்மையான சோதனை அதுவும் அல்ல. இருபது கொண்டைஊசி வளைவுகள் இறங்கினால் சொந்த வீடு. எதையோ மறந்துவிட்டோம், எடுத்து வரலாம் என்று இரண்டாவது வாரமே பேருந்து ஏறுகிறீர்களா என்று பாருங்கள். அறை தேடுவதை ஏற்காட்டின் ஒண்டிக்கடைப் பகுதியிலிருந்து தொடங்கலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன், வெந்நீருக்கும் மின்சாரத்துக்கும் தனியாகப் பணம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.