சிறிய விமானம் கிளம்பும்போது ஏன் கட்டுப்பாடு போகிறது?

செட்டிநாட்டில் உள்ள இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளத்தைத் திறந்தால் சிறு விமானங்களுக்கு அங்கே ஆபத்து உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓடுதளத்தை விட விமானியின் காலைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

செஸ்னா போன்ற ஒற்றை எஞ்சின் விமானங்களில் விசிறி, விமானி பார்வையில், வலஞ்சுழியாகச் சுற்றும். எஞ்சினை முழுதாக முடுக்கியதும் அது தள்ளும் காற்று உடலைச் சுற்றிப் போய் வாலின் இடப்பக்கம் மோதும். மூக்கு இடது பக்கம் ஓடும். மூக்கைத் தூக்கினால் விசிறியின் வலப்பக்க பிளேடு கூடுதலாக இழுத்து இதை இன்னும் மோசமாக்கும். வேகம் குறைவான அந்த நேரத்தில் வால் சுக்கானுக்குப் பிடிப்பும் குறைவு. அந்தச் சுக்கானைத் திருப்பும் கால்மிதிகளில் வலது மிதியை அழுத்தியே பிடிக்க வேண்டும். பதறி மிதித்தால் விமானம் நெளிய ஆரம்பிக்கும்.

அப்புறம் அவசரம். தரையை ஒட்டிப் பறக்கையில் விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும் காற்றின் இழுவை குறைவதால் வேகம் போதாமலே விமானம் எழும்பிவிடும். கொஞ்சம் ஏறியதும் அந்தச் சலுகை போய்விடும். அப்போதும் மூக்கை மேலே இழுத்தால் ஸ்டால்தான், அதாவது இறக்கைகள் தூக்கும் விசையை இழந்துவிடும். ஒரு இறக்கை சரிந்தால் மீட்க உயரம் இருக்காது.

நம்மூர் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 40 டிகிரியில் காற்று லேசாகி, தரையில் நிற்கும் விமானமே சுமார் 3,000 அடி உயரத்தில் இருப்பதுபோல மந்தமாக ஓடும். நாலு பேரோடு மத்தியானம் கிளம்புவது வீண் வம்பு. பாதி ஓடுதளத்துக்குள் எழும்பும் வேகத்தில் 70 சதவீதம் வரவில்லை என்றால் எஞ்சினைக் குறைத்து நிறுத்திவிடுவது விமானிகளின் வழக்கம்.