கணினியின் கைக்கு எட்டாத பிரதி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வெளிப்புற ஹார்ட் டிஸ்க் ஒன்றை எப்போதும் கணினியிலேயே செருகி வைத்திருக்கிறேன். இரவுதோறும் தானாகவே பேக்கப் எடுத்துவிடுகிறது. கிளவுடிலும் எல்லாம் ஏறிவிடுகிறது. ஆனாலும் இது போதாது என்கிறான் என் மகன். இதற்கு மேல் நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: மகன் சொல்வதுதான் சரி, ஆனால் நீங்கள் பாதிக்கு மேல் வேலையை முடித்துவிட்டீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். பேக்கப் என்ற பேச்சே எடுக்காமல் இருந்துவிட்டு, டிஸ்க் கெட்ட மறுநாள் எழுதுகிறவர்கள்தான் அதிகம்.

உங்கள் ஏற்பாடு, உள்ளே இருக்கும் டிஸ்க் பழுதானால் காப்பாற்றும். திருட்டு, மின்னழுத்தக் கோளாறு, ரான்சம்வேர் ஆகிய மூன்றுக்கும் அந்த வெளி டிஸ்க்கால் ஈடுகொடுக்க முடியாது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர், 'பில் இணைக்கப்பட்டுள்ளது' என்று வரும் ஒரு மின்னஞ்சல் வழியாக நுழைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 'சி', 'டி', 'ஈ' என்று அந்தக் கணினியால் எழுத முடிகிற ஒவ்வொரு டிரைவாகத் தேடிப் பூட்டிக்கொண்டே போகும். செருகியே கிடக்கும் உங்கள் பேக்கப் டிஸ்க்கும் அதற்கு இன்னொரு எழுத்துதான். விண்டோஸ் தனக்குள் சேமித்து வைத்திருக்கும் பழைய பிரதிகளையும் ரான்சம்வேர்களில் பல முன்கூட்டியே அழித்துவிடுகின்றன.

கிளவுட் விஷயத்தில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலோர் பயன்படுத்துவது 'சிங்க்' சேவை. அது கண்ணாடியைப் போன்றது: முகத்தில் கரி பட்டால் கண்ணாடியிலும் கரிதான். கணினியில் ஒரு கோப்பை அழித்தால் அங்கும் அழியும். இங்கே பூட்டப்பட்டால் பூட்டப்பட்ட கோப்பே அங்கும் போய்ச் சேரும். ஒன்டிரைவின் தனிநபர் கணக்கிலும் கூகுள் டிரைவிலும் அழித்த கோப்பு 30 நாள் குப்பைத் தொட்டியில் இருக்கும். ஆண்டுக்கொரு முறை திறந்து பார்க்கும் ஆல்பத்துக்கு அந்த 30 நாள் எந்த மூலைக்கு?

புகைப்படக் கலைஞர் பீட்டர் கிரோக் பரவலாக்கிய 3-2-1 என்னும் விதி இன்றைக்கும் செல்லும். மொத்தம் மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒரு பிரதி வீட்டுக்கு வெளியே. உங்களுக்கு நான் சொல்வது இன்னொரு டிஸ்க் வாங்குங்கள் என்பதே. வாரம் ஒரு முறை அதைச் செருகி, பேக்கப் முடிந்ததும் முறைப்படி 'எஜெக்ட்' செய்து, கழற்றி அலமாரியில் வையுங்கள். மாதம் ஒரு முறை இரண்டு டிஸ்க்குகளையும் மாற்றி, ஒன்றை உறவினர் வீட்டிலோ அலுவலக மேசையிலோ வைத்துவிடுங்கள். என் டிஸ்க்குகளின் மேல் சிறு தாள் ஒட்டி, கடைசியாகப் பேக்கப் எடுத்த தேதியைப் பென்சிலால் எழுதி வைக்கிறேன். எந்த மென்பொருளின் நினைவூட்டலை விடவும் அந்தப் பழைய தேதிதான் என்னை உறுத்துகிறது.

கேள்வி: எடுத்த பேக்கப் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? 'வெற்றிகரமாக முடிந்தது' என்று வந்தால் போதாதா?

பதில்: போதாது என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் டெஸ்க்டாப்பில் இருந்த 'புகைப்படங்கள்' என்ற படவுருவை இழுத்து வெளி டிஸ்க்கில் போட்டேன். இரண்டு நொடியில் முடிந்தது. அத்தனை ஆண்டுப் படங்களும் இரண்டு நொடியில் எப்படிப் போகும் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். நான் பிரதி எடுத்தது கோப்புறையை அன்று, அதற்கு வழிகாட்டும் 'ஷார்ட்கட்' என்ற சிறு அம்புக்குறியை. கணினியின் டிஸ்க் செயலிழந்த பிறகு அதைச் சொடுக்கினால், இல்லாத இடத்தைத் தேடிவிட்டுப் பிழைச் செய்தி காட்டியது.

ஆகவே மூலக் கோப்புறையையும் பிரதியையும் வலச்சொடுக்கி, 'பிராப்பர்ட்டீஸ்' பகுதியில் அளவையும் கோப்புகளின் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். பிறகு டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, பழைய படம் ஒன்று, நீண்ட வீடியோ ஒன்று, கணக்குக் கோப்பு ஒன்று என்று திறந்து பாருங்கள். வீடியோ மட்டும் பிரதியாக மறுத்தால், அந்த டிஸ்க் எஃப்.ஏ.டி.32 முறையில் வடிவமைக்கப்பட்டிருக்கலாம். அதில் 4 ஜி.பி.யை எட்டும் தனிக் கோப்பு ஏறாது. உள்ளே இருப்பதை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு எக்ஸ்.எஃப்.ஏ.டி. அல்லது என்.டி.எஃப்.எஸ். முறைக்கு வடிவமைத்தால் சரியாகிவிடும். 'டாக்குமென்ட்ஸ்' கோப்புறைக்குள் வராதவற்றையும் மறக்க வேண்டாம்: கணக்கு மென்பொருள்கள் தங்கள் தரவை வேறெங்கோ வைப்பது வழக்கம்.

கேள்வி: புதிய மடிக்கணினி ஒரு நாள் நீலத் திரை காட்டி, 48 இலக்க எண் ஒன்றைக் கேட்டது. நான் எந்தப் பூட்டும் போடவில்லையே! இது வைரஸா?

பதில்: வைரஸ் அன்று, டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புச் சாவியைத்தான் கேட்கிறது. இப்போதைய மடிக்கணினிகள் பலவற்றில், முதல் அமைப்பின்போது மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்தாலே டிஸ்க் தானாக என்கிரிப்ட் செய்யப்பட்டு (சாவியின்றிப் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டு), சாவி அந்தக் கணக்கில் சேமிக்கப்படுகிறது. பயாஸ் என்னும் கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளின் புதுப்பிப்பு, மதர்போர்டு மாற்றம் போன்றவை நடந்தால், யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று கருதிக் கணினி சாவியைக் கேட்கும். கைப்பேசியிலிருந்து அதே கணக்கில் நுழைந்தால் எண் கிடைக்கும். கிடைத்ததும் தாளில் எழுதி, கணினிப் பை தவிர வேறு எங்கேனும் வையுங்கள். சாவி எங்கும் இல்லையென்றால் மைக்ரோசாஃப்டாலும் திறந்து தர இயலாது. டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் படிக்க முடியாது. திருடனுக்கும் அதே கதிதான் என்பதால் பூட்டு நல்லதே.

சாவியே அந்தக் கணக்கில் இருப்பதால், கணக்கின் கடவுச்சொல் வேறெங்கும் பயன்படுத்தாத நீண்ட ஒன்றாக இருக்கட்டும். இரண்டு கட்டச் சரிபார்ப்பையும் இயக்குங்கள். கடவுச்சொல்லை மாதந்தோறும் மாற்றும் பழக்கத்தை விட்டுவிடலாம். கசிந்ததற்கான அறிகுறியின்றிக் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2017இலேயே கூறிவிட்டது. கட்டாயப்படுத்தினால், கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டிப் போடுவதுதானே நம் வழக்கம்?

கேள்வி: விண்டோஸ் 10 இன்னும் நன்றாகவே ஓடுகிறது. நல்ல ஆன்டிவைரஸும் இருக்கிறது. மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. நீட்டிப்புத் திட்டத்தில் சேராத கணினிக்கு அதன் பின் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வருவதில்லை. ஆன்டிவைரஸ் ஓட்டையை அடைப்பதில்லை, ஓட்டை வழியாக வருபவரை அடையாளம் காண முயல்கிறது, அவ்வளவே. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை என்னும் ரான்சம்வேர் பயன்படுத்திய ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச் மாதமே மருந்து வெளியிட்டிருந்தது. அதை நிறுவாத கணினிகளும், ஆதரவு முடிந்த பழைய விண்டோஸ் கணினிகளும்தான் சிக்கின. உங்கள் கணினி ஏற்குமானால் விண்டோஸ் 11க்கு மாறுங்கள். ஏற்காவிட்டால் விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளமான லினக்ஸின் வகைகளில் ஒன்றை முயன்று பாருங்கள். எதைச் செய்வதானாலும், முதலில் பேக்கப் எடுத்து, அந்த டிஸ்க்கைக் கழற்றி வைத்த பிறகு தொடங்குங்கள்.