ஃப்ரிட்ஜ் டிரிப் ஆகிறது என்று டிரிப்பரைக் கழற்றலாமா?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ் வாங்கி ஆறு வருடம் ஆகிறது. இரண்டு மாதமாக ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தடவை, அதிகமும் விடியற்காலையில், டிரிப்பர் விழுந்துவிடுகிறது. தூக்கிவிட்டால் மறுபடி பல மணி நேரம் ஓடுகிறது. காலையில் எழுந்து பார்த்தால் மீனெல்லாம் கெட்டுக் கிடக்கிறது. மெக்கானிக் கம்ப்ரஸர் போய்விட்டது என்கிறார். எலக்ட்ரீஷியன் தம்பியோ டிரிப்பரைக் கழற்றிவிட்டு நேரடியாக லைன் கொடுத்துவிடலாம் என்கிறார். எதைச் செய்வது?"

இரண்டையுமே செய்யாதீர்கள் அம்மா. விழுகிற டிரிப்பரில் 'டி' என்று எழுதிய சிறு பொத்தான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அது ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் கசிந்தால் லைனை வெட்டிவிடுகிற டிரிப்பர். பேஸில் போன கரண்ட் நியூட்ரலில் அப்படியே திரும்பி வர வேண்டும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வேறு வழியில் கசிந்தாலே அது விழுந்துவிடும். அந்த வேறு வழி உங்கள் உடம்பாகவும் இருக்கலாம். மீன் கழுவிய ஈரக்கையோடு, வெறுங்காலோடு ஃப்ரிட்ஜைத் திறக்கிற வீட்டில் அதைக் கழற்றச் சொல்கிறவரை மறுபடி வீட்டுக்குள் விடாதீர்கள்.

அவர் இன்னும் சில யோசனைகள் சொல்வார். எர்த் கம்பியை வெட்டிவிடலாம் என்பார். வெட்டினால் விழுவது நிற்கும், ஆனால் கசிகிற கரண்ட் ஃப்ரிட்ஜின் உடம்பிலேயே நிற்கும். 100 மில்லி ஆம்பியர் டிரிப்பர் போட்டால் தொந்தரவு இல்லை என்பார். ஆளைக் காப்பாற்ற 30-தான் வேண்டும். எர்த் சரியில்லாத வீட்டில் பிளக் பாயிண்டிலேயே எர்த்தை நியூட்ரலோடு முடிந்து வைக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். நியூட்ரல் எங்காவது அறுந்தால் ஃப்ரிட்ஜ் முழுவதும் கரண்ட் பாயும். டெஸ்டர் ஒன்று கையில் இருந்தால் எலக்ட்ரீஷியன் என்றாகிவிட்டது. வயர்மேன் சான்றிதழ் என்று ஒன்று இருப்பதையே யாரும் கேட்பதில்லை. புதுக் கனெக்‌ஷன் கொடுக்கும்போது எர்த்தை அளந்து பார்த்த ஒருவரைக்கூட இந்தக் கரையில் நான் இத்தனை வருடத்தில் பார்க்கவில்லை. காகிதத்தில் மட்டும் கையெழுத்து இருக்கும்.

சரி, உங்கள் ஃப்ரிட்ஜுக்கு வருவோம். ஒரு நாள் முழுக்க அதன் பிளக்கையே பிடுங்கி வையுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, அது பேஸை மட்டும்தான் வெட்டும். மீனை அன்றைக்குப் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். பிளக் வெளியே இருந்தும் டிரிப்பர் விழுந்தால் குற்றம் ஃப்ரிட்ஜில் இல்லை.

அப்படியானால் யோசித்துப் பாருங்கள்: இரண்டு மாதத்துக்கு முன்னால் இன்வெர்ட்டர் வைத்தீர்களா? பின்கட்டில் புது லைட் போட்டீர்களா? இதை ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன் என்றால், இன்வெர்ட்டர் வைக்கிறவர்கள் லைட்டுக்குப் பேஸை டிரிப்பர் வழியாக எடுத்துவிட்டு, நியூட்ரலைக் கைக்கு எட்டிய வேறு கம்பியில் சேர்த்துவிடுவார்கள். 20 வாட் டியூப்லைட் ஒன்றே 80 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அது திரும்பி வரும் வழி மாறினால் டிரிப்பருக்கு அது கசிவுதான். விடியற்காலையில் நீங்கள் எழுந்து அந்த லைட்டைப் போடுகிறீர்கள், மெயின் விழுகிறது, பழி ஃப்ரிட்ஜ் மேல் விழுகிறது. கரண்ட் போய்த் திரும்பி வருகிற நொடியில் விழுந்தாலும் இந்தச் சந்தேகம்தான் முதலில் வர வேண்டும்.

பிளக்கைப் பிடுங்கியதும் விழுவது நின்றால் ஃப்ரிட்ஜில்தான் கசிவு. ஆனால் கம்ப்ரஸர் என்று எனக்குத் தோன்றவில்லை. அது நாளெல்லாம் ஓடி ஓடி நிற்கிற பொருள். அதில் கசிவு என்றால் பெரும்பாலும் அது ஓட ஆரம்பிக்கும்போதெல்லாம் விழும். உங்களுக்குப் பல மணி நேர இடைவெளி விட்டு விழுகிறது. ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜில் அப்படி இடைவெளி விட்டு வேலை செய்வது, உள்ளே படிகிற ஐஸை உருக்கும் ஹீட்டர். எப்போதும் ஈரத்தில் கிடக்கிற பொருள் அது. நம் கடற்காற்றில் வருகிற உப்பு ஃப்ரிட்ஜின் பின்பக்க முனைகளிலும் பிளக் பாயிண்டிலும் படிந்து, இரவு ஈரத்தை உறிஞ்சி, செம்பில் பச்சைக் களிம்பு ஏற்றுகிறது. விடியற்காலையில் அதிகம் விழுவதற்கு அதுவும் துணை போகும்.

மெக்கானிக்கிடம் இரண்டே வேலை சொல்லுங்கள். ஹீட்டர் கம்பியைக் கழற்றி இரண்டு நாள் ஓட்டிப் பார்க்கட்டும். விழாவிட்டால் ஹீட்டரை மட்டும் மாற்றினால் போதும், கம்ப்ரஸர் விலையில் அது சிறு பங்குதான். கம்ப்ரஸர்தான் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், அதன் முனைகளுக்கும் பெயிண்ட் சுரண்டிய செப்புக்குழாய்க்கும் நடுவே மெக்கர் (அதிக வோல்ட் கொடுத்துக் கசிவைப் பார்க்கிற மீட்டர்) வைத்து உங்கள் கண் முன்னே காட்டட்டும். சாதாரண மீட்டரில் இந்தக் கசிவு பல நேரம் தெரியாது. மெக்கர் இல்லை என்கிறவரிடம் கம்ப்ரஸருக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கம்பெனி சர்வீஸ் நம்பரை இணையத்தில் தேடாமல் வாரண்டி அட்டையில் பார்த்துக் கூப்பிடுங்கள். தேடினால் முதலில் வருவது பல நேரம் இடைத்தரகர் நம்பர். எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழையதைக் கையோடு வாங்கி வையுங்கள்.