கரையோரக் கேள்வி–பதில்: முரல் கட்டுவதா, தகடு இழுப்பதா?

கேள்வி: ஐயா, நான் முள்ளியவளையில் பிறந்தவன், இப்போது ஸ்காபரோவில் இருக்கிறேன். கோடையில் கூட்டாளிமாரோடு ஒன்ராறியோ வாவிக்குச் சல்மன் பிடிக்கப் போவோம். படகை மெல்ல ஓட்டிக்கொண்டு பின்னால் தூண்டிலை இழுப்போம். ஒருவர் ஹெரிங் மீன் துண்டுதான் வேண்டும் என்கிறார். மற்றவர் கரண்டி போல வளைந்த தகட்டுப் பொய் இரையே போதும் என்கிறார். யார் சொல்வது சரி? ஆடி மாதம் ஊருக்கு வருகிறேன். அந்தக் கரண்டிகளைக் கொண்டுவந்தால் முல்லைத்தீவுக் கடலில் அறக்குளா மீன் படுமா?
— ஸ்காபரோ வாசகர்

பதில்: தம்பி, மகனிடம் போய் நின்ற கோடையில் அந்த வாவியில் நானும் படகேறியிருக்கிறேன். அங்கே பார்த்ததையும் இங்கே பழகியதையும் வைத்துச் சொல்கிறேன். முதலில் படகின் வேகத்தைத் தீர்மானியுங்கள், இரையைப் பிறகு பார்க்கலாம். சல்மனுக்கு மணிக்கு 2 முதல் 3 மைல் வேகத்தில்தான் இழுக்கிறார்கள். ஹெரிங் துண்டு அதில் கீழ் வேகத்தில்தான் ஒழுங்காகப் புரண்டு ஓடும். வேகம் கூடினால் சதை கிழிந்து, ஓட்டம் கெட்டுப்போகும். கரண்டி மேல் வேகத்தையும் தாங்கும். ஆகவே மீன் எங்கே நிற்கிறது என்று தெரியாத நேரத்தில் கரண்டியைப் போட்டுப் பரந்த இடத்தில் தேடுங்கள். ஓரிடத்தில் மீன் இரையை அடித்தால், அல்லது மீன் பின்னால் வந்தும் கடிக்காமல் திரும்பினால், வேகத்தைக் குறைத்து மீன் துண்டுக்கு மாறுங்கள். சல்மன் தான் பிறந்த ஆற்றையே மணத்தால் கண்டுபிடித்துத் திரும்பும் மீன். அதன் மூக்கைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. கிட்ட வந்து யோசிக்கிற மீனைக் கடிக்க வைப்பது அந்த மணம்தான்.

அந்த வாவியில் சல்மன் பெரும்பாலும் தின்பது ஏல்வைஃப் என்ற சின்ன மீனை. நம்முடைய சூடைக்குச் சொந்தக்கார மீன் அது. அது அளவுக்கு மிஞ்சிப் பெருகியதால், 1960களின் கடைசியில் பசிபிக் பக்கத்துச் சினூக், கோஹோ இனங்களைக் கொண்டுவந்து அங்கே விட்டார்கள். கரண்டி வாங்கும்போது நிறத்தைப் பார்த்து மயங்காமல், அந்தச் சின்ன மீனின் நீளத்துக்குக் கிட்ட இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. இரைக்கு முன்னால் சுழன்று மின்னும் நீளத் தகடு ஒன்று கட்டுவீர்களே, அதிலிருந்து இரை வரைக்குமான நூலின் நீளத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மீன் துண்டு தானாகவே புரளும், அதனால் 5, 6 அடி விடலாம். பிளாஸ்ரிக் கணவாய் என்ற பொய் இரைக்குச் சொந்த ஓட்டம் கிடையாது. முன்தகடு ஆட்டினால்தான் அது ஆடும். அதற்கு 2, 3 அடிக்கு மேல் விட்டால் வெறுமனே இழுபட்டுக்கொண்டு வரும்.

சரி, ஊருக்குக் கொண்டுவருவது. கொண்டுவாருங்கள், ஆனால் அங்கே கட்டுகிற மாதிரியே கட்டிப் போட்டால் முதல் அடியிலேயே இழப்பீர்கள். அறக்குளாவின் பல்லுக்கு எந்தத் தங்கூசி நூலும் நிற்காது. ஒன்றரை அடியாவது கம்பி போட வேண்டும். அந்த மெல்லிய கரண்டிகள் மெதுவான ஓட்டத்துக்குச் செய்தவை. நம் பையன்கள் ஓடுகிற வேகத்தில் இழுத்தால் அசைந்து மின்னாமல் சும்மா சுழன்று நூலை முறுக்கிவிடும். ஈயக் குண்டு இறக்கும் கருவியைச் சுமந்து வரவேண்டாம். அங்கே வெய்யில் காலத்தில் சல்மன் 10 முதல் 13 பாகை குளிர் உள்ள ஆழத்தைத் தேடிப் போய்விடும், அதனால் அந்தக் குண்டு தேவை. இங்கே அறக்குளா விடிகிற நேரத்தில் மேல் தண்ணீரிலேயே சூடைக் கூட்டத்தை விரட்டிக்கொண்டு நிற்கும். ஆடியில் சோளகம், அதாவது தென்மேல் காற்று, கரையிலிருந்து அடிக்கும். இருட்டோடு போய், காற்று உரக்க முன்னம் திரும்பிவிடுங்கள்.

கேள்வி: அண்ணை, முரல் மீனை இரையாகக் கட்டி இழுத்தால் அறக்குளா பின்பாதியைக் கத்தியால் வெட்டியதுபோல் கொண்டு போகிறது. தலை மட்டும்தான் திரும்பி வருகிறது. என்ன செய்யலாம்?
— அளம்பில் வாசகர்

பதில்: அறக்குளாவின் குணமே அது. முதலில் வாலை வெட்டி இரையை ஓடவிடாமல் செய்யும், பிறகு வந்து விழுங்கும். ஒற்றைத் தூண்டில் முள்ளைத் தலைப்பக்கம் வைத்தால் தலைதான் மிஞ்சும். இரண்டாவது முள்ளு வேண்டும்.

ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடின புது முரலாக எடுங்கள். பெருவிரலால் வயிற்றை முன்னிருந்து பின்னாக அழுத்தி உள்ளே இருப்பதை வெளியேற்றுங்கள். பிறகு இரண்டு கையாலும் பிடித்து மெல்ல இப்படியும் அப்படியும் வளையுங்கள். முதுகெலும்பு நெகிழ்கிற சத்தம் விரலுக்கே தெரியும். அந்த நெகிழ்வு இல்லாவிட்டால் தண்ணீரில் தடியாகத்தான் கிடக்கும். நீண்ட கீழ்ச் சொண்டை நக நீளம் விட்டு ஒடித்து, மெல்லிய செப்புக் கம்பியால் வாயைச் சுற்றிக் கட்டுங்கள். வாய் திறந்தால் தண்ணீர் புகுந்து அரை மணியில் பிய்ந்துவிடும். முதல் முள்ளு செவுளால் போய் வயிற்றால் வெளிவரட்டும். அந்த முள்ளின் கண்ணிலிருந்து (நூல் கட்டும் துளை) சிறு கம்பித் துண்டில் இரண்டாவது முள்ளு, வாலுக்குச் சற்று முன்னால். இந்த இடத்தில்தான் கவனம் வேண்டும். அந்தக் கம்பி இறுக்கமாக இருந்தால் முரல் வளைந்துபோய் இழுக்கும்போது சுழலும். ஒரு விரல் அளவு தொய்வு விடுங்கள்.

கட்டியதைப் படகுக்குப் பக்கத்தில் இழுத்துப் பாருங்கள். நேராக, வயிறு கீழாக வரவேண்டும். கவிழ்ந்தால் வாய்க்கடியில் சின்ன ஈயம் ஒன்று. கனடாக்காரர் ஹெரிங்கின் தலையைச் சரிவாக வெட்டி வேண்டுமென்றே சுழல விடுவார்கள், சல்மன் அதற்கு மயங்கும். சுழல்கிற முரலை அறக்குளா நம்பாது. அப்படி வந்தால் கழற்றி மறுபடி கட்டுங்கள், சோம்பலாக இருந்தாலும்.

அடி விழுந்து நூல் இளகினால் உடனே இழுக்காதீர்கள். எஞ்சினைக் குறைத்து, மிஞ்சிய தலையைக் கொஞ்ச நேரம் அப்படியே விடுங்கள். பல தடவை திரும்பி வந்து எடுத்திருக்கிறது. முரலை ஐசில் நேராகப் போட்டால் உருகிய தண்ணீரில் ஊறித் தோல் கழன்றுவிடும். கல்லுப்புத் தூவி, பையில் கட்டி, அதை ஐசுக்குள் வையுங்கள்.

கேள்வி: மண்ணெண்ணெய் விற்கிற விலைக்கு இழுவைத் தூண்டில் கட்டுபடியாகுமா?
— கள்ளப்பாடு வாசகர்

பதில்: அதற்கென்றே புறப்பட்டால் கட்டாது. 2022 ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ஆனதை நாம் யாரும் மறக்கவில்லை. அந்தக் கணக்கு நம் தொழிலையே மாற்றிவிட்டது. வலைக்குப் போகும்போதும் வரும்போதும் எப்படியும் எரிபொருள் எரியத்தானே போகிறது, அந்த ஓட்டத்தில் இரண்டு தூண்டிலைப் பின்னால் விடுங்கள். அந்த வேகத்துக்கு முரல் தாங்காது. அங்கே பொய் இரைதான். கடையில் விற்கும் பிளாஸ்ரிக் மீன் ஒன்றை அறக்குளா அறுத்துக்கொண்டு போனால் அன்றைய உழைப்பே போய்விடும் என்பதால் நான் அதை வாங்கச் சொல்ல மாட்டேன். வெள்ளைக் கோழி இறகையோ, பிரித்த நைலோன் கயிற்றின் இழையையோ முள்ளின் கழுத்தில் நெருக்கிக் கட்டி, மேலே சிறு ஈயம் வையுங்கள். சூரைக்கும் இது படும், பாரையும் அடிக்கும்.

முரல் இழுக்க மெதுவாக ஓடுகிறவர்களுக்கு ஒரு சொல். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் நெடுநேரம் மெதுவாக ஓடினால் பிளக்கில் கரி பிடிக்கும். இடைக்கிடை கொஞ்ச நேரம் வேகம் கொடுத்து எரித்துவிடுங்கள். நடுக்கடலில் பிளக் கழற்றுகிற வேலை மிச்சம்.

கேள்வி: வவுனிக்குளத்தில் வள்ளத்தில் போய்ப் பொய் இரை இழுத்தால் மீன் படுமா? நான் பாடசாலை மாணவன்.
— பாண்டியன்குளம் வாசகர்

பதில்: திலாப்பியா பாசியும் புழுவும் தேடுகிற மீன், தகட்டை விரட்டி வராது. அதற்கு மண்புழுவே போதும். விரால் அடிக்கும், ஆனால் அது தாமரையும் புல்லும் மண்டிய இடத்தில் நிற்பது. அங்கே இழுத்தால் முள்ளில் கொடிதான் வரும். விடிய அல்லது பொழுதுபடக் கரையில் நின்று, புல்லின் ஓரமாக எறிந்து இழுத்துப் பாருங்கள். குஞ்சுக் கூட்டத்தோடு நிற்கும் விரால் எதைக் கண்டாலும் பாய்ந்து கடிக்கும். அதைத் தொடாதீர்கள், அது போனால் குஞ்சு முழுவதையும் மற்ற மீன் தின்றுவிடும். முதலை நடமாடும் பக்கத்தைப் பெரியவர்களிடம் கேட்டறிந்து, அங்கே முழங்கால் தண்ணீரிலும் இறங்காதீர்கள்.